பால் சொசைட்டிக்கு ஒரு குட்டி மொழி: மாடலிலிருந்து கோட் உருவாக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். குழுவில் இரண்டே பேர். சங்கத்தில், ஓர் உறுப்பினர் ஒரு வேளைக்கு ஊற்றும் பாலின் உச்ச வரம்பை 100 லிட்டரிலிருந்து 200 ஆக்கச் சொன்னார்கள். திரையில் மாற்றினேன், பைத்தான் கோடில் மாற்றினேன், அச்சுச் சீட்டில் மாற்றினேன். டேட்டாபேஸில் இருந்த வரம்பை மறந்துவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு 120 லிட்டர் கொண்டுவந்தவரின் பதிவு ஏறவில்லை. அவருக்குப் பின்னால் கேனோடு வரிசை நீண்டுகொண்டே போனது.

ஒரே விதியை நான்கு இடத்தில் எழுதினால் இப்படித்தான் ஆகும். விதியை ஒரே இடத்தில், அந்தத் தொழில் தெரிந்தவர் படிக்கக்கூடிய சொற்களில் எழுதிவிட்டு, நான்கு இடத்துக்குமான கோடை ஒரு ஜெனரேட்டரை (கோடை எழுதித் தரும் நிரலை) வைத்து உருவாக்கிக்கொள்வதுதான் தீர்வு. விதியை எழுதிய கோப்பு மாடல். அதை எழுதுவதற்கென்றே அமைத்த மொழியை டிஎஸ்எல் என்பார்கள். நான் குட்டி மொழி என்கிறேன். இதைக் கட்டி முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதில் ஒரு பெரிய பகுதி, யாராவது முன்பே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சிக்கல்களில் போனது. அவற்றை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில், தேவையா என்று பாருங்கள்

மூன்று நான்கு டேபிள்தான், ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும் என்றால் வேண்டாம். கையாலேயே எழுதுங்கள்.

இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வதற்கான கோட் மட்டும் போதும் என்றால் புதிய மொழி தேவையில்லை. சர்வர்கள் பேசிக்கொள்ளும் விதத்தை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ, புரோட்டோபஃப் போன்றவற்றுக்கு ஜெனரேட்டர்கள் தயாராகவே இருக்கின்றன.

ஒரே தகவல் மூன்றுக்கு மேற்பட்ட இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது, அடிக்கடி மாறுகிறது, மாற்றத்தைச் சொல்பவர் புரோகிராமர் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம்.

2. கருவிகள், செலவு, நேரம்

நான் பயன்படுத்தியது பைத்தானில் இயங்கும் டெக்ஸ்ட்எக்ஸ். மொழியின் இலக்கணத்தை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், அந்த மொழியில் உள்ள மாடலைப் படித்துப் பைத்தான் ஆப்ஜெக்ட்டுகளாகத் தந்துவிடும். அவற்றிலிருந்து கோடை அச்சடிப்பதற்கு ஜிஞ்ஜா டெம்ப்ளேட், அதாவது மாறும் இடங்களைத் துளையாக விட்ட அச்சு. டெக்ஸ்ட்எக்ஸ் எம்ஐடி உரிமத்திலும் ஜிஞ்ஜா பிஎஸ்டி உரிமத்திலும் கிடைக்கின்றன. இரண்டும் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம்.

ஜாவா குழுவாக இருந்தால் எக்ஸ்டெக்ஸ்ட், டைப்ஸ்கிரிப்ட் குழுவாக இருந்தால் லாங்கியம் பாருங்கள். கீழே சொல்லும் சிக்கல்களில் பல அங்கேயும் வேறு உருவத்தில் வரும். உதாரணமாக, எக்ஸ்டெக்ஸ்டில் தயாராகக் கிடைக்கும் ஐடி விதி ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்கும்.

டெக்ஸ்ட்எக்ஸை நிறுவும்போது கட்டளை வரி வசதியையும் சேர்த்து நிறுவுங்கள். வெறும் பெயரை மட்டும் கொடுத்து நிறுவினால் லைப்ரரி வரும், ஆனால் மாடலைச் சரிபார்க்கும் கட்டளை ஓடாது. நான் அரை நாள் அங்கேயே நின்றேன்.

நேரக் கணக்கு: மாடலைத் தாளில் எழுதிப் பேசி முடிக்க இரண்டு நாள், இலக்கணத்துக்கு ஒரு நாள், டெம்ப்ளேட்டுகளுக்கு நான்கைந்து நாள், பழைய கோடை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்த ஒரு வாரம். கடைசியில் உள்ளதைத்தான் எல்லோரும் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். வாடிக்கையாளரிடம் நாள் சொல்லும் முன் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. இலக்கணத்துக்கு முன் மாடலை எழுதுங்கள்

கணினியைத் திறக்காமல், நீங்கள் விரும்புகிற மொழி ஏற்கெனவே இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதுங்கள். நான் எழுதியது இது:

```
பதிவு பால்_வரவு
    உறுப்பினர்  : சுட்டு உறுப்பினர்
    நாள்        : தேதி
    வேளை       : காலை அல்லது மாலை
    லிட்டர்     : தசமம் 0.1 முதல் 200 வரை
    கொழுப்பு   : தசமம் 2.0 முதல் 12.0 வரை
    இதரச்சத்து : தசமம் 7.0 முதல் 10.0 வரை
    ஒருமுறை    : உறுப்பினர், நாள், வேளை
முடிவு
```

கடைசி வரியின் பொருள்: ஒரு உறுப்பினருக்கு ஒரு நாளில் ஒரு வேளைக்கு ஒரே பதிவு. இந்தத் தாளைச் சங்கச் செயலாளரிடம் காட்டினேன். அவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்து, அங்கே நிறுத்தினார்.

“தம்பி, வேளைக்கு ஒரு வரிதானா? எங்க ஊர்ல ஒரே ஆளு பசும்பாலும் ஊத்துவாரு, எருமைப் பாலும் ஊத்துவாரு. ரெண்டுக்கும் தனித்தனிச் சீட்டு போடணும்ல?”

எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்த கோடில் அந்தத் தவறு இருந்தது. கவுன்டரில் இருந்தவர்கள் எருமைப் பாலை மறுவேளைக் கணக்கில் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பைத்தான் கோடை அவரிடம் காட்டியிருந்தால் அவரால் கண்டுபிடித்திருக்க முடியாது. ‘பால்_வகை’ என்று ஒரு ஃபீல்டு சேர்த்தோம், ‘ஒருமுறை’ வரியிலும் அதைச் சேர்த்தோம். ஜெனரேட்டர் ஒரு வரி கோட் கூட உருவாக்குவதற்கு முன்பே இந்த முயற்சி தன் செலவை ஈடுகட்டிவிட்டது.

அதனால், மொழியில் வரும் சொற்கள் அந்தத் தொழிலில் புழங்குகிற சொற்களாக இருக்கட்டும். நான் முதலில் ‘கொழுப்பற்ற_திடப்பொருள்’ என்று எழுதியிருந்தேன். சங்கத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை, பால் பாக்கெட்டில் போட்டிருப்பது போல இதரச் சத்து என்றுதான் சொல்கிறார்கள். அந்த நீண்ட பெயர் வேறொரு தொல்லையும் தந்தது, அது ஏழாவது படியில் வருகிறது.

4. இலக்கணம் எழுதும்போது: தமிழ் எழுத்துச் சிக்கல்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். என் மூன்று வாரத்தில் ஒரு வாரம் இங்கேதான் போனது.

டெக்ஸ்ட்எக்ஸ் பெயர்களைப் படிக்க ஐடி என்ற விதியைத் தயாராகத் தருகிறது. தமிழில் அதைப் பயன்படுத்தக் கூடாது. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துத் தொடர்களைப் பொருத்திப் பார்க்கும் வசதி), சொல்லில் வரக்கூடிய எழுத்து என்று எண்ணுவது எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே. கால், கொம்பு, புள்ளி ஆகியவை யூனிகோடில் தனிக் குறிகள், அவை இந்தக் கணக்கில் வருவதில்லை. அதனால் ‘நாள்’ என்று எழுதினால் ‘ந’ என்பதோடு பெயர் முடிந்துவிட்டதாக நினைத்து, அடுத்த இடத்தில் பிழை என்று சொல்லும். வினோதம் என்னவென்றால், பைத்தான் 3 மொழி ‘நாள்’ என்பதை மாறியின் பெயராக ஒப்புக்கொள்ளும். அதன் ரெகுலர் எக்ஸ்பிரஷன் மட்டும் ஒப்புக்கொள்ளாது. நான் இலக்கணத்தில் குற்றம் தேடிக்கொண்டே இருந்தேன்.

தீர்வு எளிது. பெயருக்கென்று உங்கள் சொந்த விதியை எழுதுங்கள்: யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் உள்ள குறியீடுகள் (பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை), அடிக்கோடு, எண்கள். பிறகு இன்னொன்று. ‘சுட்டு உறுப்பினர்’ என்பது போல வேறொரு பதிவைச் சுட்டும் இடத்தில், சதுர அடைப்புக்குள் வகையின் பெயரோடு, எந்த விதிப்படி படிக்க வேண்டும் என்பதையும் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் அது பழைய ஐடிக்கே போய்விடும்.

அடுத்தது முன்னொட்டுச் சிக்கல். என் மொழியில் ‘எண்’, ‘எண்ணிக்கை’ என்று இரண்டு வகைகள் இருந்தன. டெக்ஸ்ட்எக்ஸ் கொடுத்த வரிசைப்படி முயன்று பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். ‘எண்’ முன்னால் இருந்ததால், ‘எண்ணிக்கை’ என்று எழுதிய இடத்தில் ‘எண்’ பொருந்திவிட்டது, ‘ணிக்கை’ அனாதையாக நின்றது. சொல் முடிவைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு வசதி உண்டு, ஆனால் மேலே சொன்ன அதே காரணத்தால் அது தமிழ்ச் சொற்களுக்குக் கைகொடுக்காது. நீளமான சொல்லை முன்னால் வையுங்கள். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால், ‘இதன் பின்னால் தமிழ்க் குறியீடு வரக் கூடாது’ என்ற நிபந்தனையை விதியிலேயே சேருங்கள்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. ‘கொ’ என்பதை இரண்டு விதமாகத் தட்டச்ச முடியும்: க-வோடு ஒரே குறியாக ‘ொ’, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. என் கூட்டாளியின் விசைப்பலகை ஒரு விதம், என்னுடையது வேறு விதம். ‘கொழுப்பு இல்லை’ என்று பிழை வந்தது, கொழுப்பு கண்ணெதிரே இருந்தது. மாடல் கோப்பைப் படித்தவுடன் யூனிகோட் என்எஃப்சி முறையில் (ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்கும் முறை) சீராக்கி, அதன் பிறகே டெக்ஸ்ட்எக்ஸுக்குக் கொடுங்கள். பைத்தானோடு வரும் யூனிகோட் மாடியூலில் இதற்கு ஒரே வரி போதும்.

சீராக்கினாலும் தீராதவை உண்டு. ‘ௌ’ வர வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பும் ‘ள’-வும் தட்டச்சியிருந்தால் அது வேறு சொல். ‘௧’ என்ற தமிழ் எண்ணும் ‘க’ என்ற எழுத்தும் அப்படியே. தமிழ் எண்களைப் பெயர் விதியிலிருந்து விலக்கிவிடுங்கள். சுழியமளவு அகலமுள்ள, கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறியை (இசட்டபிள்யூஎன்ஜே) சில விசைப்பலகைகள் நடுவில் நுழைக்கும், அது வந்தால் தெளிவான பிழைச் செய்தி கொடுங்கள்.

இலக்கணத்தில் வரும் விதிகளின் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். அதை நீங்கள் மட்டும்தான் படிக்கப் போகிறீர்கள்.

5. மாடலைச் சரிபார்க்கும் கோடை ஒதுக்கிவிடாதீர்கள்

இலக்கணம் சரியாக இருந்தாலும் மாடல் தவறாக இருக்கலாம். 200 முதல் 0.1 வரை என்று தலைகீழாக எழுதலாம், ஒரே பெயரில் இரண்டு ஃபீல்டு வரலாம். மாடலைப் படித்து முடித்ததும் ஓடும் சோதனைகளை எழுதி, பிழையைக் கோப்பு, வரி எண்ணோடு தமிழிலேயே சொல்லுங்கள். செயலாளரே மாடலைத் திருத்தும் நாள் வரும்போது இந்தச் செய்திகள்தான் அவருக்கு உதவி.

ஒரு பொறி: விருப்பத்துக்கு விட்ட எண் மதிப்பு மாடலில் இல்லாவிட்டால், டெக்ஸ்ட்எக்ஸ் அதற்கு 0 என்று வைத்துவிடும். உச்ச வரம்பு எழுதாத ஃபீல்டுக்கு உச்ச வரம்பு சுழியம் ஆகிவிட்டது. தானாக மதிப்பிடும் அந்த அமைப்பை அணைத்துவிடலாம். வரம்பைத் தனி விதியாகப் பிரிப்பது இன்னும் நல்லது, அப்போது அது இல்லாத இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்றே வரும்.

6. டெம்ப்ளேட்

வேலையைத் தொடங்க ஒரு சுலபமான வழி: ஏற்கெனவே கையால் எழுதி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கோப்பை எடுங்கள். அதை அப்படியே டெம்ப்ளேட்டாக வைத்து, மாறும் இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் துளையிடுங்கள். ஒவ்வொரு துளைக்குப் பிறகும் உருவாகும் கோப்பு பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஜிஞ்ஜாவில் முதல் நாளே மாற்ற வேண்டியவை மூன்று. இல்லாத பெயரைக் கேட்டால் அது சத்தமில்லாமல் வெற்றிடத்தை அச்சடிக்கும். டெம்ப்ளேட்டில் ஒரு எழுத்து தவறினாலும் திரையில் வரம்பே இல்லாமல் போய்விடும், பிழை வராது. கண்டிப்பான முறைக்கு மாற்றுங்கள். அப்புறம், கட்டளை வரிகள் விட்டுச்செல்லும் வெற்று வரிகளையும் இடைவெளிகளையும் நீக்கும் இரண்டு அமைப்புகளையும் இயக்குங்கள். மூன்றாவது, எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டுகளுக்கு மட்டும் <, & போன்ற குறியீடுகளைத் தானாக மாற்றும் வசதியை (ஆட்டோஎஸ்கேப்) இயக்கி, எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மொழி), பைத்தான் டெம்ப்ளேட்டுகளுக்கு அணைத்தே வையுங்கள்.

கோப்பை எழுதும்போது யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். லினக்ஸில் நன்றாக ஓடிய ஜெனரேட்டர் சங்கத்தின் விண்டோஸ் கணினியில் தமிழ் எழுத்தைக் கண்டதும் நின்றுபோனது இதனால்தான்.

7. ஒரே மாடல், இரண்டு விடை

மாடல் ஒன்றாகிவிட்டது, இனி முரண்பாடு வராது என்று நம்பியிருந்தேன். பத்து நாளுக்கொரு முறை பணம் பட்டுவாடா செய்யும்போது, சீட்டில் உள்ள தொகைக்கும் அறிக்கையில் உள்ள தொகைக்கும் சில காசுகள் இடித்தன. உறுப்பினருக்குக் காசு குறைந்தால் சங்கத்தின் மேல் நம்பிக்கை போய்விடும், இதை நான் சிறிய பிழையாக நினைக்கவில்லை.

2.5 லிட்டர் பால், லிட்டர் 33.25 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 83.125. பைத்தான் இதை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் 83.12. எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் முழுமையாக்கினால் 83.13. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பைத்தான் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும், போஸ்ட்கிரெஸின் தசம வகை மேலே தள்ளும். சீட்டுக் கோட் பைத்தானிலும் அறிக்கை எஸ்கியூஎல்லிலும் உருவானதால் இரண்டும் தத்தம் வழக்கப்படி சரியாகவே நடந்துகொண்டன.

முழுமையாக்கும் விதியை மாடலிலேயே எழுதுங்கள். பணத்துக்குப் பைத்தானில் மிதவை எண் (ஃபுளோட்) வேண்டாம், டெசிமல் வகையையே உருவாக்குங்கள், அதிலும் ‘பாதி என்றால் மேலே’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பிறகு, சரிபாதியில் நிற்கும் பத்துப் பதினைந்து தொகைகளை வைத்து, உருவான எல்லா மொழிகளும் ஒரே விடை தருகின்றனவா என்று ஒரு சோதனை எழுதுங்கள். லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தியை அளக்கும் கருவி) அளவிலிருந்து இதரச் சத்தைக் கணக்கிடும் சூத்திரத்துக்கும் இதையே சொல்வேன். அதன் கடைசியில் கூட்டும் மாறிலி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. அது டெம்ப்ளேட்டில் புதைந்து கிடக்கக் கூடாது, மாடலில் தெரிய வேண்டும்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். போஸ்ட்கிரெஸில் ஒரு பெயர் 63 பைட்டுக்கு மேல் போகக் கூடாது, போனால் ஓர் அறிவிப்போடு வெட்டிவிடும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ‘கொழுப்பற்ற_திடப்பொருள்’ என்பதை எண்ணிப் பாருங்கள்: 21 தமிழ்க் குறிகளுக்கு 63 பைட், அடிக்கோட்டுக்கு ஒன்று, மொத்தம் 64. ஒரே ஒரு பைட் அதிகம். வெட்டியதில் கடைசிப் புள்ளி போய் ‘திடப்பொருள’ என்று நின்றது. எஸ்கியூஎல் கேள்வியிலும் அதே வெட்டு விழுவதால் கேள்வி ஓடியது. விடையைப் பைத்தானில் முழுப் பெயரால் தேடியபோதுதான் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு, மாடலில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு குறும்பெயர் கொடுத்துவிட்டோம். டேட்டாபேஸுக்குக் குறும்பெயர், திரைக்கும் சீட்டுக்கும் தமிழ்ப் பெயர்.

8. உருவான கோடை எங்கே வைப்பது

தனி ஃபோல்டரில். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ‘இதைத் திருத்தாதீர்கள், இந்த மாடலிலிருந்து உருவானது’ என்று இருக்கட்டும். தேதி, நேரம் போடாதீர்கள், போட்டால் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளும் மாறியதாகக் கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) காட்டும்.

கையால் எழுத வேண்டியது எப்போதும் மிச்சமிருக்கும். அதை உருவான கோப்பின் நடுவில் செருகாமல், உருவான கிளாஸை அடிப்படையாகக் கொண்டு இன்னொரு கிளாஸ் எழுதி அதில் வையுங்கள்.

உருவான கோடைக் கிட்டில் சேர்க்கலாமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. சிறிய குழு என்றால் சேருங்கள் என்பது என் கருத்து. டெம்ப்ளேட்டில் ஒரு வரி மாற்றினால் முப்பது கோப்பில் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். தானியங்கிச் சோதனையில் ஒருமுறை ஜெனரேட்டரை ஓட்டி, வித்தியாசம் ஒன்றும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். யாராவது உருவான கோடைக் கையால் திருத்தியிருந்தால் அங்கேயே பிடிபடும்.

கிட்டில் இருக்க வேண்டிய கோப்புகள்: இலக்கணம், மாடல்கள், டெம்ப்ளேட்டுகள், ஜெனரேட்டர், லைப்ரரிகளின் பதிப்பு எண்களைப் பூட்டிய பட்டியல், மொழியை விளக்கும் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு. கடைசியில் உள்ளதை நான் தள்ளிப்போட்டேன். இரண்டு மாதம் கழித்து என் கூட்டாளி ஒரு ஃபீல்டு சேர்க்க என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது.

9. ஓடும் டேட்டாபேஸில் கை வைக்கும் முன்

மாடலிலிருந்து டேபிளை உருவாக்குவது எளிது. ஏற்கெனவே தரவு இருக்கும் டேபிளை மாற்றுவது முற்றிலும் வேறு வேலை. ‘வேளை’ என்பதை ‘நேரம்’ என்று மாற்றினால் ஜெனரேட்டருக்கு அது பெயர் மாற்றம் என்று தெரியாது. ஒன்று போய்விட்டது, இன்னொன்று வந்திருக்கிறது என்றுதான் தெரியும். என் முதல் ஜெனரேட்டர் பழைய டேபிளை நீக்கிவிட்டுப் புதியதைக் கட்டியது. சோதனை டேட்டாபேஸ் என்பதால் தப்பித்தோம், ஆனால் சங்க ஊழியர் ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்து ஏற்றிய மாதிரிப் பதிவுகள் போய்விட்டன. அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னது எனக்கு எளிதாக இல்லை.

டேபிளை நீக்கும் கட்டளையை டெம்ப்ளேட்டில் எழுதவே எழுதாதீர்கள். பழைய மாடலுக்கும் புதிய மாடலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஜெனரேட்டர் பட்டியலிடட்டும், மாற்றும் எஸ்கியூஎல்லை ஒரு மனிதர் எழுதட்டும். முழு நகல் எடுத்த பிறகு, இரண்டு வேளைக்கும் நடுவே ஓட்டுங்கள். எங்களுக்கு அது காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் இடையில். பட்டுவாடா நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் எதையும் தொடாதீர்கள்.

10. எதிலிருந்து தொடங்குவது

எல்லா டேபிளையும் ஒரே நாளில் மாற்ற நினைக்காதீர்கள். அடிக்கடி மாறுகிற ஒரே ஒரு பதிவை எடுத்து, அதற்கு ஒரே ஒரு டெம்ப்ளேட் எழுதி, இரண்டு வாரம் ஓட விடுங்கள். நாங்கள் பால் வரவில் தொடங்கினோம். உறுப்பினர் பதிவு, தீவனக் கடன் என்று ஒவ்வொன்றாக வந்தன. விலைப் பட்டியல் இன்னும் கையால் எழுதிய கோடில்தான் இருக்கிறது, அடுத்த மாதம் செயலாளரோடு அதற்கான தாளை எழுத உட்காருகிறோம்.